அறிவியலுக்குத் தெரியாத மர்ம மிருகங்கள் நிஜமாவே இருக்க வாய்ப்பு இருக்கா?

நள்ளிரவு_நரி:

ரொம்ப நாளா மண்டையில ஓடிட்டு இருக்கற கேள்வி. எட்டி (இமயமலைப் பனிமனுஷன்), பிக்ஃபுட் (அமெரிக்கக் காட்டுல திரியறதா சொல்ற முடி மனுஷன்), லாக் நெஸ் பூதம் (ஸ்காட்லாந்து ஏரியில இருக்கறதா சொல்ற நீளக் கழுத்து மிருகம்), சுபகாப்ரா (ஆட்டு ரத்தம் குடிக்கும்னு சொல்ற மிருகம்)னு எந்த வீடியோ வந்தாலும் கீழ "எல்லாம் கப்ஸா"னு நாலு பேர் வந்து சொல்லிட்டுப் போயிடறாங்க, எனக்கும் பாதி அப்படித்தான் தோணுது, ஆனா ஒரு விஷயம் இடிக்குது. சீலகாந்த்னு ஒரு மீன், டைனோசர்கள் போன காலத்துலயே, அதாவது 6.6 கோடி வருஷம் முன்னாடியே அழிஞ்சு போச்சுனு எல்லா விஞ்ஞானியும் நம்பிட்டு இருந்தாங்க. 1938ல தென்னாப்பிரிக்கா கடல்ல அது ஒரு மீன்பிடி கப்பலோட வலையில வந்து மாட்டுச்சு. ஒன்றரை மீட்டர் நீளம், 50 கிலோவுக்கு மேல! அவ்ளோ பெரிய மீனையே கோட்டை விட்டவங்க எட்டி இல்லவே இல்லனு மட்டும் எப்படி அடிச்சு சொல்றாங்க?

பூமியில 87 லட்சம் வகை உயிரினம் இருக்கலாம்னு 2011ல கணக்கு போட்டாங்க, அதுல நாம பேர் வச்சது சுமார் 12 லட்சம்தானாம். மிச்சத்துல பெருசா ஒண்ணு கூடவா இருக்காது? திட்டாம சொல்லுங்க ப்ளீஸ்.

கொம்பும்_குளம்பும்:

அந்த 87 லட்சத்த வச்சு எட்டிக்கு சீட் புடிக்காதீங்க நண்பா 😄 மிச்சம் இருக்கறது பெரும்பாலும் பூச்சி, புழு, பூஞ்சை வகையறா.

பெரிய மிருகம் கிடைக்காதுனு நான் சொல்லல, கிடைச்சிருக்கு, ஆனா எப்படி கிடைச்சுதுனு பாருங்க. 1992ல வியட்நாம்ல வூ குவாங் காட்டுல சர்வே எடுக்கப் போனவங்க, வேட்டைக்காரங்க வீட்டுல மாட்டி வச்சிருந்த கொம்பப் பாத்துட்டு நின்னுட்டாங்க. ரெண்டு நீளமான நேர் கொம்பு, தெரிஞ்ச எந்த மானுக்கும் மாட்டுக்கும் பொருந்தல. அதுதான் சாவோலா, 80 - 100 கிலோ இருக்கற மிருகம். காட்டுல வச்ச கேமராவுல அது விழுறதுக்கு 1998 ஆச்சு. ஒகாபியும் அப்படித்தான், காங்கோ காட்டுல இருந்து முதல்ல கைக்கு வந்தது வரி வரியா இருந்த தோல் துண்டு, அப்புறம் 1901ல முழுத் தோலும் மண்டையோடும் வந்தப்போதான் இது வரிக்குதிரை இல்ல, ஒட்டகச்சிவிங்கியோட சொந்தம்னு தெரிஞ்சுது.

அதாவது கொம்பு, தோல், எலும்பு முதல்ல வரும், ஃபோட்டோ அப்புறம் வரும். எட்டி பிக்ஃபுட் விஷயத்துல இது அப்படியே தலைகீழ். ஃபோட்டோ இருக்கு, கால்தடம் இருக்கு, பாத்தேன்னு சொல்ற ஆளு ஆயிரக்கணக்குல இருக்கு, ஒரே ஒரு பல்லு கூட இல்ல. அது எப்படிங்க? சாகவே சாகாதா?

இன்னொண்ணு, ஒத்தை மிருகமா ஒண்ணு ஆயிரம் வருஷம் உயிரோட இருக்க முடியாது. குட்டி போடணும், அதுக்கு ஜோடி வேணும், வம்சம் தொடரணும்னா ஒரு கூட்டமே வேணும். லாக் நெஸ் ஏரி சுமார் 10,000 வருஷம் முன்னாடி வரைக்கும் பனிக்கட்டிக்கு அடியில கிடந்த இடம், அங்க டைனோசர் காலத்து ஊர்வன எங்க இருந்து குடும்பத்தோட குடி வரும்?

ஊர்ப்பேச்சு:

மேல சொன்னது சரிதான், ஆனா அதுலயே எனக்கு சாதகமான பாயிண்ட் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு ப்ரோ. சாவோலாவ விஞ்ஞானி "கண்டுபிடிச்சாரு", சரி, அந்தக் கொம்ப வீட்டுல மாட்டுனவனுக்கு அது ஏற்கனவே தெரியும்ல? அவன்கிட்ட போய் கேக்க ஆள் வர்றதுக்கு 1992 ஆச்சு, அவ்ளோதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கற ஊதா நிறத் தவளைக்கு 2003லதான் பேர் வச்சாங்க, அதுவும் சும்மா இல்ல, தனிக் குடும்பமாவே வச்சாங்க. வருஷம் பூரா மண்ணுக்கடியில கிடந்துட்டு மழைக்கு கொஞ்ச நாள் வெளிய வர்ற பன்றி மூக்குத் தவளை அது. வாத்து அலகு இருக்கற ஆஸ்திரேலிய பாலூட்டி பிளாட்டிபஸ்ஸோட தோல் 1799ல லண்டனுக்கு வந்தப்போ வாத்து அலக யாரோ ஒட்டித் தச்சிருக்காங்கனு தையல் தேடுனாங்க!

இதவிட கேவலமான கதை ஒலிங்கிட்டோவோடது. ஆண்டீஸ் மலை மேகக் காட்டுல வாழ்ற சின்ன மிருகம், 2013லதான் புது இனம்னு அறிவிச்சாங்க. அதோட தோலும் மண்டையோடும் அதுக்கு முன்னாடி பல பத்து வருஷமா மியூசியம் டிராயர்ல தப்பான பேர்ல தூங்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு அமெரிக்காவுல மிருகக்காட்சிசாலை மிருகக்காட்சிசாலையா மாத்தப்பட்டு உயிரோடவே வாழ்ந்திருக்கு, அதே மாதிரி இருக்கற ஒலிங்கோங்கற வேற மிருகம்னு நினைச்சு ஒலிங்கோவோட ஜோடி சேர்க்கப் பாத்திருக்காங்க, அது சேரவே இல்ல, ஏன்னு யாருக்கும் புரியல. வேற இனம்னா எப்படிய்யா சேரும்!

அதனால "விஞ்ஞானிக்குத் தெரியாது"ங்கறதும் "இல்ல"ங்கறதும் ஒண்ணு கிடையாது. இவ்ளோதான் என் வாதம். எட்டிக்கு நான் வக்காலத்து வாங்கல.

பரிசோதனைக்கூடம்:

வாதம் எல்லாம் இருக்கட்டும், நேரடியா டெஸ்ட் பண்ணியே பாத்திருக்காங்கல்ல. எட்டியோடதுனு மடங்கள்லயும் தனியார்கிட்டயும் வச்சிருந்த எலும்பு, பல்லு, தோல், முடினு 9 சாம்பிள டிஎன்ஏ டெஸ்ட் பண்ணி 2017ல ரிசல்ட் போட்டாங்க. 8 கரடி, 1 நாய். பிக்ஃபுட் முடினு ஒருத்தர் அனுப்புனத 1970கள்ல எஃப்பிஐயே சோதிச்சுப் பாத்துச்சு, மான் முடி. லாக் நெஸ்ல 2018ல ஏரித் தண்ணிய பல ஆழத்துல மொண்டு எடுத்து, அதுல உதிர்ந்து கிடக்கற டிஎன்ஏ யாரோடதுனு பாத்தாங்க, ஊர்வனனு ஒண்ணு கூட சிக்கல, விலாங்கு மட்டும் ஏகப்பட்டது. 1934ல வந்த அந்த ஃபேமஸ் கழுத்து ஃபோட்டோ பொம்மை நீர்மூழ்கி மேல தலைய ஒட்டி எடுத்ததுனு 1994லயே வெளிய வந்துடுச்சு.

எல்லாரும் ஏமாத்துறாங்கனு இல்ல, கண்ணு நிஜமாவே ஏமாறும். 1977ல நியூசிலாந்து பக்கம் ஸூயோ மாருனு ஒரு ஜப்பான் கப்பல் வலையில சுமார் 10 மீட்டர் அழுகுன பொணம் வந்துச்சு. சின்ன தலை, நீளக் கழுத்து, நாலு துடுப்பு, ஃபோட்டோவப் பாத்தா அச்சு அசல் பிளீசியோசர், அதாவது டைனோசர் காலத்து நீளக் கழுத்து கடல் ஊர்வன. நாத்தம் தாங்காம, புடிச்ச மீனெல்லாம் கெட்டுடும்னு ஃபோட்டோவும் கொஞ்சம் சதையும் எடுத்துட்டு கடல்லயே தள்ளிட்டாங்க. அந்த சதைய சோதிச்சப்போ பாஸ்கிங் சுறாங்கற பெரிய சுறா வகைனு தெரிஞ்சுது. அந்த சுறா அழுகும்போது முதல்ல கழண்டு விழறது தாடையும் செவுளும். அது போனா மிஞ்சறது சின்ன மண்டையோடும் நீளமான முதுகெலும்பும், வால்ல கீழ்ப்பாதி கூட உதிர்ந்துடும், அப்போ "கழுத்து" தானா வந்துடும். கரை ஒதுங்குற கடல் பூதம் பாதிக்கு மேல இந்தக் கேஸ்தான்னு நினைக்கறேன். சுபகாப்ராவும் இப்படித்தான், டெக்சாஸ்ல பொணமா கிடைச்சது பெரும்பாலும் சொறி புடிச்சு முடி கொட்டுன கொயோட்டிங்கற காட்டு நாய் வகை.

நள்ளிரவு_நரி:

ஒலிங்கிட்டோ கதை செம 😂 சரி, எட்டிய விட்டுடறேன். ஆனா கடல்? ஆழ்கடல் தரையில மனுஷன் கண்ணால பாத்தது 0.001 சதவீதம் கூட இல்லனு போன வருஷம் எங்கயோ படிச்சேன். அப்போ அழிஞ்சு போச்சுனு சொல்ற ராட்சத மெகாலடான் சுறா? இதுக்கு மட்டும் பதில் சொல்லிடுங்க, அப்புறம் நீங்கல்லாம் பெட் கட்டுனா எது மேல கட்டுவீங்கனும் சொல்லுங்க.

கொம்பும்_குளம்பும்:

மெகாலடான் வாய்ப்பே இல்ல. சுறாவுக்கு பல்லு வாழ்நாள் பூரா கொட்டிக்கிட்டே இருக்கும், ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல உதிர்க்கும். மெகாலடான் பல்லு உலகம் பூரா கிடைக்குது, எல்லாமே புதைபடிவம், புதுசா விழுந்த வெள்ளைப் பல்லு ஒண்ணு கூட வரல. அதுவும் இல்லாம அது ஆழ்கடல் பிராணியே கிடையாது, திமிங்கலத்த வேட்டையாடிட்டு மேல் தண்ணியில திரிஞ்சது. இப்போ இருந்தா கடிபட்ட திமிங்கலமா கரை ஒதுங்கணும்.

பெட்னா அலகு திமிங்கலங்கள் மேல கட்டுவேன். கரைக்கு ரொம்ப தள்ளி வாழும், முக்காவாசி நேரம் ஆழத்துலயே கிடக்கும், அதுல ஒரு இனம் 3 மணி நேரத்துக்கு மேல மூச்சு புடிச்சதா பதிவே இருக்கு. இதுல மண்வெட்டிப்பல் திமிங்கலம்னு ஒண்ணு, ஒரு தாடை எலும்ப மட்டும் வச்சு 1874ல பேர் வச்சாங்க. முழு உடம்பு கிடைச்சது 2010ல. 2024ல நியூசிலாந்துல இன்னொண்ணு 5 மீட்டர் நீளத்துல கெடாம கரை ஒதுங்குச்சு. உயிரோட நீந்தி யாரும் பாத்ததா உறுதியான பதிவு அது வரைக்கும் ஒண்ணு கூட இல்ல. அந்தக் கும்பல்ல பேர் வைக்காதது இன்னும் ஒண்ணு ரெண்டாவது இருக்கும்னு காசு கட்டலாம்.