மாதவிலக்கு நிற்கும் காலம்: எனக்குக் கைகொடுத்தவை, கைவிட்டவை

மஞ்சக்குப்பம், 49 வயது

போன வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு மாலை. வேலை முடிந்து புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அரியாங்குப்பம் தாண்டியதும் மார்பிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் ஒரு சூடு ஏறியது. வெளி வெயிலின் சூடு இல்லை, உள்ளேயிருந்து வந்த சூடு. குப்பென்று வேர்த்து ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. மாரடைப்பு என்றே நினைத்து, பையில் போனைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்தில் தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர், மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "தீட்டு நிக்கிற வயசாம்மா? எனக்கும் இப்பிடித்தான் உடம்பு காந்தும். ஜன்னல் பக்கம் வா. தண்ணி குடி." இடம் மாற்றி உட்காரவைத்து, முந்தானையால் விசிறிவிட்டார். கிருமாம்பாக்கம் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதுவரை எனக்கு இப்படி ஒன்று வரும் என்று என் அம்மாகூடச் சொன்னதில்லை.

சந்தேகம் வைக்காமல் மறுநாள் ஈசிஜி எடுத்தேன். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பு ஏறி இறங்கும்போது, மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் இடம் தடுமாறுகிறதாம். கொஞ்சம் சூடு கூடினாலும் ரொம்பக் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு வேர்வையைத் திறந்துவிடுகிறது. 12 மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால்தான் மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பே இந்தக் காந்தலும் தூக்கமின்மையும் தொடங்கிவிடலாம்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

முதலில் தினசரி காலண்டர் தாளிலேயே, காந்தல் எத்தனை முறை, எந்த நேரம், அதற்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று குறித்து வைத்தேன். ஒரு மாதத்தில் ஒன்று புரிந்தது. ராத்திரி காரக் குழம்பு சாப்பிட்ட நாட்களிலும், அலுவலகத்தில் நாலு மணிக்குச் சூடாகக் காபி குடித்த நாட்களிலும் அதிகம். காபியைக் காலையோடு நிறுத்திக்கொண்டேன், நாலு மணிக்கு மோர். ராத்திரிக்கு இட்லி, ரசம், காரமில்லாத கூட்டு. எனக்கு இதில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஒத்துக்கொள்ளாத பொருள் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் குறித்துப் பார்ப்பதுதான் வழி.

சிந்தெடிக் புடவையை விட்டுப் பருத்திக்கு மாறினேன். ராத்திரி தலைமாட்டில் ஒரு மாற்று நைட்டி, ஒரு செம்பு தண்ணீர், ஒரு ஈரத்துண்டு. காலையில் சில்வர் பீச்சில் அரை மணி நேர நடை. நடந்ததால் காந்தல் குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் மறுபடி தூக்கம் வருகிறது, முன்பு விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கைவிட்டது ஒரு சூரணம். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கடையில் பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கினேன். மூன்று வாரம் சாப்பிட்டதில் வயிறு கெட்டதுதான் மிச்சம். என்ன கலந்தது என்று கேட்டதற்கு, "எல்லாம் மூலிகைதான்" என்ற பதில்தான் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆறுதல், வீட்டில் சொன்ன நாளில்தான் கிடைத்தது. அதுவரை என் சிடுசிடுப்புக்குக் காரணம் தெரியாமல் கணவரும் மகனும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நேராகச் சொல்லிவிட்டேன். மகனுக்கு 19 வயது. எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான். அன்று அழுதுவிட்டேன்.

லாஸ்பேட்டை, 47 வயது

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். எனக்கும் படபடப்பு, வேர்வை, தூக்கமின்மை. வயது 46, மெனோபாஸ்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மனசு அமைதியாகும் என்று அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் எடுத்தேன். படபடப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. உடம்பும் ஆறு கிலோ இளைத்தது. நான் வேலை செய்யும் பள்ளியில் ஒரு டீச்சர்தான் "தைராய்டு பார்த்தியா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவுக்கு மேல் சுரப்பது தெரிந்தது. இந்த நிலையில் அமுக்கரா எடுத்திருக்கவே கூடாது, அது தைராய்டு சுரப்பை இன்னும் கூட்டக்கூடியது என்று மருத்துவர் சொன்னார். இயற்கையானது என்பதால் எதையும் கேட்காமல் சாப்பிடலாம் என்ற எண்ணம் அன்றோடு போனது.

அப்புறம் நான் தேடிப் படித்ததில் ஒன்று. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல், காந்தலைக் குறைக்க ஹார்மோன் மருந்து இல்லாத வழிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிந்தனையை மாற்றப் பழக்கும் உளவியல் பேச்சுச் சிகிச்சைக்கும், உடல் எடையைக் குறைப்பதற்கும் அதில் ஆதரவு இருக்கிறது. மூலிகை மாத்திரை, யோகா, மூச்சுப் பயிற்சி போன்றவை காந்தலைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் சொல்கிறது. அதற்காக நான் யோகாவை விடவில்லை. முதுகு வலிக்கும் மனசுக்கும் அது எனக்கு வேண்டும். எதற்கு எது என்று தெரிந்து செய்தால் ஏமாற்றம் வராது.

தேவனாம்பட்டினம், 53 வயது

எங்கள் பக்கம் கரண்டு போனால் நான் கடற்கரைக்குப் போய்விடுவேன். ஈரத்துணியைக் கழுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சரியாகும். எனக்கு ஐந்து வருடம் இருந்தது, இப்போது அடிக்கடி இல்லை. நம்பிக்கையாக இருங்கள் சகோதரி.

நெல்லிக்குப்பம், 54 வயது

எனக்கு மெதுவாக வரவில்லை, ஒரே நாளில் வந்தது. 39 வயதில் கட்டி என்று கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்துக்குள் உடம்பெல்லாம் தீயாய்க் காந்தியது. சினைப்பையை எடுத்தால் இப்படி ஆகும் என்று கையெழுத்து வாங்குவதற்கு முன் யாரும் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன வயதில் நின்றால் ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. யாருக்காவது ஆபரேஷன் என்று சொல்லியிருந்தால், "சினைப்பையை வைத்துக்கொள்ள முடியுமா?" என்று தயவுசெய்து கேளுங்கள்.

51 வயதில் குளியலறையில் லேசாக வழுக்கினேன். கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்பு நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பையும் காப்பாற்றி வந்திருக்கிறது, காந்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்றார்கள். 100 கிராம் கேழ்வரகிலேயே 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எங்கள் ஆயா காலையில் கேழ்வரகுக் கூழும், சாயங்காலம் எள்ளுருண்டையும், வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரையும் கொடுப்பார். நான்தான் நடுவில் அதையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது திரும்பப் பிடித்திருக்கிறேன். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுவதும் நல்லதுதான், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்புக்காக அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே மருத்துவர் கொடுத்த மாத்திரையும் போடுகிறேன். எலும்பு இவ்வளவு தேய்ந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது.

முத்தியால்பேட்டை, 51 வயது

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காந்தல் எனக்கு அதிகம் இல்லை. பிறப்புறுப்பு வறண்டு போய் எரிச்சல், நீர்க்கடுப்பு, கணவரோடு சேர்ந்தால் வலி. தன் மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் போய்விட்டதாக அவர் வருத்தப்பட்டார், நான் வாய் திறக்கவில்லை. வேர்வையும் காந்தலும் காலப்போக்கில் குறையும், இந்த வறட்சி தானாகச் சரியாகாமல் கூடிக்கொண்டே போகக்கூடியது. சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவியது எனக்கு ஓரளவு உதவியது. ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் தொடக்கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். வாசனைச் சோப்பை அங்கே போடுவதை நிறுத்தியதும் எரிச்சல் பாதி குறைந்தது. மீதிக்குப் பெண் மருத்துவர் ஒரு க்ரீம் எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்தில் பழையபடி ஆனேன். மூன்று வருடம் வீணாகச் சகித்துக்கொண்டிருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர், 58 வயது

பிள்ளைகளே, ஒரே ஒரு விஷயம். எனக்கு நின்று இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் லேசாக உதிரம் பட்டது. "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு" என்று நாத்தனார் சொன்னார். நானும் ஒரு மாதம் சாப்பிட்டேன். மகள்தான் பிடிவாதமாக ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். கர்ப்பப்பைக்குள் சின்னச் சதை வளர்ச்சி. எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு மாதத்துக்கு நான் யாரிடம் போய்க் கேட்பது? நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் கைவைத்தியம் வேண்டாம், அந்த வாரமே காட்டுங்கள்.

மஞ்சக்குப்பம், 49 வயது

எல்லோருக்கும் நன்றி. முத்தியால்பேட்டைத் தோழி எழுதியதைப் படித்த பிறகு, நானும் மருத்துவரிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லப்போகிறேன். எனக்கு ஈசிஜி மட்டும்தான் எடுத்தார்கள், தைராய்டு பார்க்கவில்லை. சனிக்கிழமை போகிறேன். லாஸ்பேட்டைத் தங்கச்சி, வெறும் வயிற்றோடு போகவேண்டுமா?

லாஸ்பேட்டை, 47 வயது

தைராய்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை அக்கா. ஆனால் போவதுதான் போகிறீர்கள், சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அதற்காகச் சாப்பிடாமல் போங்கள். இட்லியை டப்பாவில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுத்ததும் சாப்பிடலாம்.