பசங்க பேச்சில் "பொட்ட", ஆத்தாவை இழுக்கிற வசவு: கரையோர ஊரில் இதை எப்படி எடுத்துப் பேசுவது?

கொண்டல்:

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் கரையோர ஊர் ஒன்றில் மாலை வகுப்பு நடக்கிறது. 13 முதல் 16 வயது வரை 20 பையன்கள், பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் பையன்களுக்குக் கபடி. ரெய்டு போய்ப் பிடிபட்டால் "பொட்ட". முதல் தடவை வள்ளத்தில் போய் வாந்தி எடுத்தாலும் "பொட்ட". கோபம் வந்தால் எதிராளியின் ஆத்தாவையும் அக்காவையும் இழுக்கிறார்கள். கோபமே இல்லாமல் தோளில் கைபோட்டுக்கொண்டும் அதே வசவுதான். நடையும் பேச்சும் கொஞ்சம் மென்மையாக இருக்கிற ஒரு பையனை "ஒம்போது" என்கிறார்கள். அவன் வருவதே குறைந்துவிட்டது.

உபதேசம் செய்தால் தலையாட்டிவிட்டு வெளியே போய் அதையே பேசுவார்கள். பெற்றோரிடம் சொன்னால், "கடக்கரைப் பேச்சே அப்படித்தான், மனசுல ஒண்ணும் இருக்காது" என்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நடத்தக்கூடிய முறை ஏதும் இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதும் வேண்டும்.

சோழகம்:

முதலில் அந்தப் பையனைக் கவனியுங்கள். கூட்டம் போடுவதற்கு முன்பே அது முடிய வேண்டும். எல்லாரையும் உட்காரவைத்து "இவனை இனி அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று அறிவித்தால் அன்றோடு அந்தப் பட்டம் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்கிற இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "இங்க அவனை அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்" என்ற ஒரே வரியோடு நிறுத்துங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், நீங்களும் ஒரு முடிவுக்கு வராதீர்கள். கபடியில் அவனை ஸ்கோர் எழுத உட்காரவைப்பது பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் அதுவும் ஓரங்கட்டுவதுதான். அவன் ஆடட்டும்.

இனி கூட்டம். முதல் தடவை பையன்கள் மட்டும், 60 முதல் 75 நிமிடம். ஏ4 தாள் எட்டு எடுத்து ஒவ்வொன்றையும் எட்டாகக் கிழித்தால் 64 சீட்டு வரும், ஆளுக்கு மூன்று. எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா கொடுங்கள், இல்லாவிட்டால் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வாரம் காதில் விழுந்த மூன்று வசவு, சீட்டுக்கு ஒன்று. பெயர் வேண்டாம். மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

முதல் பத்து நிமிடம் சிரிப்புத்தான். அதட்ட வேண்டாம், தானாக அடங்கும். சீட்டுகளை நீங்கள் சத்தமாகப் படிக்கவும் வேண்டாம். பெரியவர் வாயில் அந்தச் சொல் வந்தால் அன்றைக்கு அதுதான் கதை, மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. பையன்களே நாலு குவியலாகப் பிரிக்கட்டும். ஆத்தா, அக்கா, பெண்டாட்டி பேரில் போவது ஒன்று. "நீ ஆம்பளையே இல்ல" என்பது இரண்டாவது. பெண்ணையே நேராகச் சொல்வது மூன்றாவது: நடத்தை, புருஷன் இல்லாதது, பிள்ளை இல்லாதது. மிச்சமெல்லாம் நாலாவது: நாய், பன்னி, சோம்பேறி, வெளங்காதவன். சாதிப் பெயர் எழுதிய சீட்டு ஒன்றிரண்டு வரக்கூடும். அதை அப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குத் தனி நாளும் தனித் தயாரிப்பும் வேண்டும், இதோடு கலந்தால் கூட்டம் கைமீறும்.

பிரித்து முடித்ததும் ஒரே கேள்வி: "சண்டை போட்டது ரெண்டு ஆம்பளை, அடி யார் மேல விழுந்திருக்கு?" பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், குவியல் கண் முன்னால் கிடக்கிறது. அடுத்தது, மூன்றாவது குவியலுக்கு எதிரில் ஆண்களுக்கான சீட்டு எழுதச் சொல்லுங்கள். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனவனுக்கு என்ன வசவு? பெண்டாட்டி செத்துப்போனவனுக்கு? பிள்ளை இல்லாதவனுக்கு? பெரும்பாலும் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். யாராவது "மலடன்" என்று எழுதினால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அதை யார் வாயிலாவது கேட்டிருக்கிறானா என்று மட்டும் கேளுங்கள்.

கடைசி 20 நிமிடம்தான் கூட்டத்தின் உயிர். இரண்டாவது குவியலில் ஐந்து சீட்டை எடுத்து, அதைச் சொன்ன நேரத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். போனஸ் கோட்டைத் தாண்டாமல் திரும்பினான். காலைப் பிடிக்கும்போது கை நழுவியது. அலை பார்த்துப் பயந்தான். அழுதான். இதில் ஒவ்வொன்றுக்கும் சொல்லவேண்டிய சொல் வேறு: "கோட்டைத் தாண்டலடா", "பிடி லூஸு", "பயமா இருக்கா, நடு வள்ளத்துல உக்காரு". கோபத்தையோ கேலியையோ தடை செய்ய வேண்டாம். நடந்தது என்னவோ அதைச் சொல்லப் பழக்க வேண்டும். மறுநாள் கபடியிலேயே அது காதில் விழத் தொடங்கும், நீங்கள் அங்கே நின்றால்.

கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். உண்டியல் வைத்து, கெட்ட வார்த்தைக்கு அஞ்சு ரூபாய் என்று அபராதம் போட்டால், கையில் காசு இருக்கிறவன் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு இரண்டு தடவை சொல்வான். இரண்டாவது, எல்லாரும் சொல்கிற "உன் அக்கா தங்கச்சியைச் சொன்னா உனக்கு எப்படி இருக்கும்?" என்ற கேள்வி. நல்லெண்ணத்தில் கேட்பதுதான், ஆனால் நேர் எதிரான வேலை செய்யும். அக்காவின் மானம் தம்பி கையில் இருக்கிறது என்ற நினைப்பு இருப்பதால்தான் அந்த வசவு சுருக்கென்று குத்துகிறது. அந்த நினைப்பையே நாம் இன்னும் கெட்டியாக்கி அனுப்புகிறோம். அடுத்த வாரம் அதே பையன் அக்காவின் போனைப் பிடுங்கிப் பார்ப்பான், "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்" என்பான்.

மூன்றாவது, "வளையல் போட்டுக்க", "சேலை கட்டிக்க". இதில் கெட்ட வார்த்தையே கிடையாது. ஊர்வலத்தில் அதிகாரிக்கு வளையலும் சேலையும் கொடுத்துக் கண்டனம் தெரிவிப்பது நம் ஊரில் மரியாதையான போராட்ட முறையாகவே நடக்கிறது. தடைப்பட்டியல் போட்டால் இது தப்பித்துவிடும். குவியல் போட்டால் தானாகவே இரண்டாவதில் வந்து விழும்.

கபடிக்குப் பயிற்சி கொடுப்பவர் வாயிலும் இது இருந்தால், கூட்டத்துக்கு முன்பே அவரிடம் பேசுங்கள். அவர் மாறாமல் பையன்கள் மாறமாட்டார்கள்.

கச்சான்:

மாற்றுக் கருத்து ஒன்று. நடுக்கடலில் வலை இழுக்கும்போது கத்துகிற வசவுக்கும், கரையில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் ஆளை உசுப்ப ஒரு சொல் வேண்டும், கேட்கிறவனும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்தால் பையன்கள் நம் பேச்சையே நம்பமாட்டார்கள்.

வாடை:

கச்சான் தம்பி, சொல்கிறவன் மனதில் ஒன்றும் இல்லை என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். பெற்றோரும் அதையேதான் சொல்கிறார்கள். என் கேள்வி, மனதில் ஒன்றும் இல்லாதபோதும் வாய் ஏன் அந்தத் திசையிலேயே போகிறது? உசுப்ப வேண்டுமானால் "இழுடா, வலை போகுது" போதும். அதற்குப் பதிலாக "பொட்டையாடா நீ" என்று வருகிறது என்றால், தாழ்ந்த இடம் எது என்பது யோசிக்காமலே தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பாராட்டையும் கேட்டுப் பாருங்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் முகத்தில் கண்ணாடி கட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் முங்கிப் பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை. துடுப்பு மாதிரி காலில் தகடு கட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வேலைக்கு ஊரில் கிடைக்கிற மிகப் பெரிய புகழ் "ஆம்பள மாதிரி வேலை பாக்குறா". தலைமுறை தலைமுறையாகப் பெண்களே செய்துவருகிற வேலை அது. பலம், துணிச்சல் என்றாலே அது ஆணின் சொத்து என்று ஆகிவிட்டது. அங்கே வந்து நிற்கிற பெண் அதை இரவல் வாங்கியவள், அதை இழந்த ஆண் "பொட்ட". "பொட்ட" என்று திட்டுகிறவனும் "ஆம்பள மாதிரி" என்று புகழ்கிறவனும் ஒரே கணக்கைத்தான் எழுதுகிறார்கள்.

பெண்ணை நேராகச் சொல்கிற வசவுகளை எடுத்துப் பாருங்கள். அறுதலி, முண்ட, வாழாவெட்டி, மலடி. புருஷன் உயிரோடும் கூடவும் இருக்கிறானா, பிள்ளை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அவளுக்கு இடம் என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. மற்ற இடத்தைவிடக் கரையில் இது கொடுமையாக விழக் காரணம் உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் புருஷன் சிறையில், அவள்தான் கலெக்டர் ஆபீஸுக்கும் மீன்துறை ஆபீஸுக்கும் அலைய வேண்டும். அலைகிறவளுக்கு "ஊர் சுத்துறவ" என்று பெயர். கடலில் காணாமல் போய் உடலும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் மோசம். ஏழு ஆண்டு சேதி இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் பொது விதி. அதுவரை அவள் தாலியைக் கழற்றினாலும் பேச்சு, கழற்றாவிட்டாலும் பேச்சு. பூ வைத்தால் ஒரு வசவு, வைக்காமல் மீன் கூடையோடு எதிரில் வந்தால் "சகுனம் கெட்டவ".

இதையெல்லாம் ஆண்கள் மட்டும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் "முண்ட" என்று கத்துவது பெண்தான். ஏலத்தில் கமிஷன்காரன் எடையில் கை வைத்தால், அவன் ஆத்தாவை இழுத்துத் திட்டுவதும் மீன்கார அக்காதான். அவளுடைய வாய் அவளுக்குப் பாதுகாப்பு, அதைப் பிடுங்கக் கூடாது. "பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்பதும் இதே வகை அடிதான், அந்தப் பக்கம் சேர்ந்துவிடாதீர்கள். சங்கக் கூட்டத்தில் இதை எடுக்கும்போது, செய்த காரியத்தைத் திட்டலாம், செய்யாத ஆத்தாவைத் திட்ட வேண்டாம் என்று ஒரு வரியில் பேசிக்கொண்டால் போதும். "எடை திருடி", "நீ வெளங்கமாட்ட", "உன் வலையில ஒரு சாளை ஏறாது", இதெல்லாம் தாராளமாக இருக்கட்டும். கோபம் குறையாமலே திசை மாறும்.

பெற்றோரிடமும் இதையே கேளுங்கள். "எல்லாரும் பேசுறதுதானே" என்று அப்பா சொன்னால் அம்மா பக்கம் திரும்பி, "உங்க மேல சொல்லி எத்தனை பேர் சண்டை போட்டிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

நெய்தல்:

சட்டம் கேட்டிருந்தீர்கள். 1.7.2024 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசி மற்றவருக்குத் தொந்தரவு கொடுப்பது பிரிவு 296 (பழைய 294-பி): 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவது பிரிவு 79 (பழைய 509): 3 ஆண்டு வரை, அபராதமும் உண்டு. பாலியல் ரீதியான சொல்லுக்குப் பிரிவு 75-ம் பொருந்தும், அதற்கு ஓராண்டு வரை. திருநர் ஒருவரைச் சொல்லால் துன்புறுத்தினால் 2019-ம் ஆண்டுச் சட்டம், பிரிவு 18: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை.

வழக்கு எங்கே விழுகிறது என்றால், மனுவில் "அசிங்கமாகத் திட்டினார்" என்று மட்டும் எழுதுவதில். கூச்சத்தில் சொல்லை எழுதமாட்டார்கள். சொன்ன சொல் அப்படியே, இடம், நேரம், கேட்ட இரண்டு பேர் பெயர் வேண்டும். வெறும் கெட்ட வார்த்தை என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. அதனால் பெண்ணைக் குறிவைத்த பேச்சுக்கு 296-ஐ மட்டும் நம்பாமல் 79-ஐயும் கேளுங்கள். மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதாகக் காவல் நிலையம் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

நண்டுக் கம்பெனி, ஐஸ் கம்பெனி மாதிரி இடங்களில் மேஸ்திரி பாலியல் ரீதியாகப் பேசினால், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். குறைவு என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்க முடியும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

இதில் எதையும் உங்கள் பையன்களிடம் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். போலீஸ் பெயரைச் சொன்னால் பேச்சை நிறுத்தமாட்டார்கள், உங்கள் முன்னால் பேசுவதை மட்டும் நிறுத்துவார்கள்.

கொண்டல்:

நன்றி. பெண்பிள்ளைகளை எப்போது சேர்ப்பது? அவர்களும் இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

சோழகம்:

முதலில் அவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம், அதே சீட்டு, அதே குவியல். அதை ஒரு பெண் நடத்துவது நல்லது. அவர்கள் பக்கம் மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். அழுகையும் வரலாம், அதனால் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் யாராவது கூட இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த கூட்டம் இரண்டு மூன்று வாரம் கழித்து. அதில் சீட்டு வேண்டாம், வசவைத் திரும்ப எழுதவே வேண்டாம். கபடி, கடல், ஏலம், தண்ணீர்க் குழாய் என்று நாலு இடம் கொடுத்து, அங்கே ஒரு தகராறு நடக்கிற மாதிரி ஐந்து நிமிடம் நடித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆத்தாவையும் ஆம்பளைத்தனத்தையும் இழுக்காமல் சண்டை போட வேண்டும், அது ஒன்றே விதி. நடிப்பு நின்றுபோகிற இடத்தில் அடுத்த வரியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எடுத்துக்கொடுக்கட்டும். கபடிச் சண்டையில் பெண்பிள்ளைகளும், குழாய்ச் சண்டையில் பையன்களும் நடிக்கும்படி பிரித்துவிடுங்கள்.

முதல் இரண்டு கூட்டத்துச் சீட்டுகளையும் அன்றன்றே எரித்துவிடுங்கள். பையில் வைத்து எடுத்துப்போனால் எங்கேயாவது விழுந்து, யார் வீட்டுப் பிள்ளை எழுதியது என்று ஊர் தேட ஆரம்பித்துவிடும்.