போல் பிரஷ்ஷுக்கு (நீளத் தடியில் பூட்டின, தண்ணி வாற பிரஷ்) எந்த ஜெட் நல்லம்? மூன்றாம் மாடியில் சொட்டுது, கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி

உப்புவெளிக் கண்ணாடி:
கடற்கரைப் பக்கம் மூன்று மாடி விடுதி. கடலைப் பார்த்த யன்னல்கள் எல்லாத்தையும் தண்ணி ஓடுற போல் பிரஷ்ஷால கழுவ வேணும். எங்கட சாமான்: 12 வோல்ட் டயபிரம் பம்ப் (100 பிஎஸ்ஐ, நிமிடத்துக்கு 5 லீற்றர்), பம்ப் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கொன்ட்ரோலர், ரீலில 6 மில்லிமீற்றர் உள்விட்ட ஹோஸ் 100 மீற்றர், போலுக்குள்ள 5 மில்லி ஹோஸ் 15 மீற்றர். பிரஷ் 45 சென்ரிமீற்றர், 2 மில்லி பென்சில் ஜெட் (நேர்க்கோடாத் தண்ணி அடிக்கிற துளை) நாலு. கிணற்றுத் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்பின் அளவு) 480 பிபிஎம், பிறகு உப்பைப் பிடிக்கிற 10 லீற்றர் ரெசின் தாங்கி. ஆர்ஓ (சவ்வால உப்பை வடிக்கிற கருவி) இல்லை.

பிரச்சினை மூண்டு. ஓரத்து ஜெட் இரண்டும் சொட்டுது. பம்பைக் கூட்டினா கொன்ட்ரோலர் "டெட் எண்ட்" (வழி அடைபட்டுது) எண்டு காட்டி நிக்குது. காய்ஞ்சாப் பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஜெட்டை 1 மில்லிக்கு மாத்தவா, விசிறி மாதிரி அடிக்கிற ஃபேன் ஜெட் போடவா?

பம்ப்பும் பைப்பும்:
ஜெட் வாங்குறதுக்கு முதல் அமுக்கம் எங்கே போகுது என்று பாருங்கள். கொன்ட்ரோலர் இலக்கத்தை நம்பாமல், பிரஷ்ஷை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று அளவுங்கள். 1.5 லீற்றர் வருவதாக வைத்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: 6 மில்லி ஹோஸ் 100 மீற்றரில் 2.3 பார் (அமுக்க அலகு), போல் ஹோஸில் 0.8 பார், மூன்றாம் மாடி உயரம் 9 மீற்றருக்கு 0.9 பார். மொத்தம் 4 பார். ஜெட் நாலும் சேர்ந்து தின்பது 0.03 பார் மட்டும்!

அதனால் ஜெட்டை மாற்றி ஓட்டத்தைக் கூட்ட முடியாது. ஜெட்டால் மாறுவது தண்ணீரின் வேகமும் வடிவமும்தான். ஹோஸை 8 மில்லி உள்விட்டத்துக்கு மாற்றினால் அதே ஓட்டத்துக்கு 2.3 பார் என்பது 0.6 ஆகக் குறையும். டெட் எண்ட் வருவதற்கும் இதுதான் காரணம். ஓட்டத்தை 2 லீற்றருக்குக் கூட்டும்போது 6 மில்லி ஹோஸில் மட்டும் கிட்டத்தட்ட 3.8 பார் ஏறுகிறது. பம்ப் இழுக்கும் மின்னோட்டம் கூடுவதால், வால்வை யாரோ பூட்டிவிட்டார்கள் என்று கொன்ட்ரோலர் நினைக்கிறது. ஹோஸை மாற்றியதும் கலிபிரேஷனை (கொன்ட்ரோலரின் டெட் எண்ட் அளவைப் பொருத்துவது) திரும்பச் செய்ய வேண்டும். பழைய அளவு புது ஹோஸுக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஓர ஜெட் சொட்டுவது வேறு கதை. 1.5 லீற்றரை 2 மில்லி ஜெட் நாலுக்குப் பிரித்தால் வேகம் நொடிக்கு 2 மீற்றர், ஜெட்டுக்குப் பின்னால் நிற்கும் அமுக்கம் சுமார் 30 சென்ரிமீற்றர் தண்ணீர் உயரம் மட்டும். பிரஷ்ஷின் சின்ன ரியூப்பே அதில் பாதியைத் தின்றுவிடும். ஜெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்திருக்கின்றனவா? அப்படியென்றால் கடைசி ஜெட்டுக்கு எதுவும் மிஞ்சாது. நடுவில் ஒரு Y வடிவ இணைப்பு போட்டு, இரண்டு பக்கமும் ஒரே நீள ரியூப் விடுங்கள்.

1 மில்லி வேண்டாம். இரண்டு 1 மில்லி ஜெட் போட்டால் வேகம் நொடிக்கு 16 மீற்றர் ஆகி, ஜெட்டே 2 பார் தின்னும், டெட் எண்ட் இன்னும் கூட வரும். ரெசின் மணி ஒன்று தாங்கியில் இருந்து தப்பி வந்தாலும் போதும், அடைத்துவிடும்.

கொட்பே:
ஃபேன் ஜெட்டைப் பற்றி: விசிறி மாதிரி விரியிறதுக்கு அமுக்கம் வேணும். நீங்கள் இப்ப விடுற ஓட்டத்துக்கு அது விரியாது, பொதுக்கெண்டு கீழ விழும். கண்ணாடி எந்த ரகம் எண்டு முதல் பாருங்கோ. தண்ணி விட்டவுடன படலமா வழிஞ்சு போனா பென்சில் போதும், பிரஷ்ஷைக் கண்ணாடியில வைச்சபடியே அலசலாம். துளி துளியாத் திரண்டு நிண்டா ஃபேன் நல்லம், ஆனா பிரஷ்ஷைக் கொஞ்சம் விலத்திப் பிடிச்சு மேலயிருந்து கீழ அலச வேணும், தண்ணியும் கூடச் செலவாகும். வாடைக்காத்து மாதங்களில கடல்பக்கக் கண்ணாடியில உப்பு அப்பிக் கிடக்கும். உரஞ்ச முதல் அதைத் தண்ணியால ஊறவிட வேணும், அதுக்கு எந்த ஜெட்டும் ஒண்டுதான்.

டிடிஎஸ் மீற்றர்:
வெள்ளைப் புள்ளிக்கும் ஜெட்டுக்கும் சம்பந்தமில்லை. தாங்கியில அளக்காதீங்க, பிரஷ் வாயில அளந்து சொல்லுங்க. 10 பிபிஎம் தாண்டினா புள்ளி விழத் தொடங்கும். ஒரு லீற்றர் ரெசின் சுமார் 25 கிராம் உப்பைத்தான் பிடிக்கும். 480 தண்ணிக்கு உங்க 10 லீற்றர் ரெசின் 520 லீற்றரோட முடிஞ்சுது, அதாவது நிமிடத்துக்கு 1.5 லீற்றரில ஆறு மணித்தியாலம்கூட இல்லை. முன்னால ஆர்ஓ வைச்சு 25 அளவுக்கு இறக்கினா அதே ரெசின் 10,000 லீற்றர் தரும். நகரக் குழாய்த் தண்ணி கந்தளாய்க் குளத்திலயிருந்து வாறது, அதையும் மீற்றரில ஒருக்கா வைச்சுப் பாருங்க. கிணற்றைவிடக் குறைஞ்சா அதையே எடுக்கலாம். ஆனா குளோரின் ஆர்ஓ சவ்வைக் கெடுக்கும், முன்னால கார்பன் ஃபில்டர் கட்டாயம்.

உப்புவெளிக் கண்ணாடி:
பிரஷ் வாயில 38. ரெசின் செத்துப்போச்சு. ஜெட்டும் கோர்த்துத்தான் கிடக்கு. 8 மில்லி ஹோஸ் எடுக்கிறன். நாலைக் குறைச்சு இரண்டாக்கினா 45 சென்ரிமீற்றர் பிரஷ்ஷுக்குக் காணுமா அண்ணை? அடைச்ச ஜெட்டை ஊசியால குத்தலாமா?

பம்ப்பும் பைப்பும்:
காணும் தம்பி. இரண்டு ஜெட்டுக்கு அதே 1.5 லீற்றரில் வேகம் நொடிக்கு 4 மீற்றர் ஆகும், அமுக்கமும் நாலு மடங்கு. ஒவ்வொன்றையும் பிரஷ் ஓரத்திலிருந்து 11 சென்ரிமீற்றர் உள்ளே வையுங்கள், மிச்ச இரண்டு துளையையும் அடைப்பான் போட்டு மூடுங்கள். தண்ணீர் நார் நுனிக்குச் சற்று மேலே கண்ணாடியில் படும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள். நாருக்குள்ளேயே விழுந்தால் அங்கேயே வேகம் செத்துவிடும். இன்னும் கொஞ்சம் உறைப்பாக வேண்டுமென்றால் 1.4 மில்லி ஜெட் இரண்டு போடுங்கள். நொடிக்கு 8 மீற்றர் வரும், அமுக்கம் அரை பார்தான் போகும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஊசி வேண்டாம். துளை விளிம்பு கீறுப்பட்டால் தண்ணீர் நேரே போகாமல் சரிந்து அடிக்கும். தங்கூசித் (நைலோன் இழை) துண்டு ஒன்றை விட்டு எடுங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் ஜெட்டைக் கழற்றி இரவு வினாகிரியில் ஊறப்போடுங்கள். ரெசின் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு வலை ஃபில்டர், ரெசின் மணி வராமலிருக்க.

கொட்பே:
லூவர் கண்ணாடி இருந்தா அதில இந்தப் பிரஷ்ஷைப் போடாதீங்கோ, தண்ணி முழுக்க அறைக்குள்ள போகும். றோட்டுப் பக்கம் கரண்ட் வயர் போனா அந்தப் பக்கம் போலைத் தூக்கவே வேண்டாம், கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும்.