மறு: கலைச்சொல் – ஒரே பைத்தான் செயலி, பல ஆள்களங்கள்

வணக்கம் நண்பர்களே,

ஒரே செயலி பல ஆள்களங்களுக்கு (டொமைன் பெயர்களுக்கு) பதில் தரும் 'வர்ச்சுவல் ஹோஸ்ட்' ஏற்பாட்டுக்கு முந்தைய மடலில் வந்த 'மெய்நிகர் புரவலன்' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதில் தெரியவில்லை.

உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதையும் 'ஹோஸ்ட்' தலைப்பு வரியில் எழுதி அனுப்புகிறது. உலாவியும் சேவையகமும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பொதுவாகத் தளத்துக்கு ஒரு ஐபி முகவரி வேண்டும். இப்போது ஒரே முகவரியில் ஒரே செயலி, பெயரைப் பார்த்துப் பதிலை மாற்றிவிடுகிறது. வலைச் செயலிகள் எழுத உதவும் பைத்தான் சட்டகமான ஜாங்கோ பிறந்த, அமெரிக்காவின் கான்சஸ் மாநில லாரன்ஸ் நகர நாளிதழுக்கே இது தேவைப்பட்டது: செய்திக்கு ஒரு தளம், உள்ளூர்க் கேளிக்கைக்கு இன்னொன்று, இரண்டிலும் வரவேண்டிய கட்டுரைகளும் உண்டு. ஜாங்கோவின் 'சைட்ஸ்' வசதி இதற்குத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். அந்த 'ஹோஸ்ட்' வரியில் இருப்பது சேவையகம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல, வந்தவர் கூப்பிட்ட பெயர். அதில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதி அனுப்பலாம். செயலி அதை அப்படியே நம்பிக் கடவுச்சொல் மீட்பு இணைப்பை உருவாக்கினால், மின்னஞ்சலில் போகும் இணைப்பு திருடனின் தளத்தைக் காட்டும். அதனால்தான் ஜாங்கோ அனுமதித்த பெயர்களின் பட்டியலைக் கேட்கிறது. பட்டியலில் இல்லாத பெயருக்கு 400 பிழைதான் (தவறான கோரிக்கை). 'புரவலன்' என்று எழுதினால் படிக்கும் மாணவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது.

எனவே அந்த வரியின் மதிப்புக்கு 'விளிப்பெயர்' என்பதை முன்மொழிகிறேன். பொருத்திப் பாருங்கள்:

"கோரிக்கையின் விளிப்பெயர் அனுமதிப் பட்டியலில் இல்லை."

"தள எண்ணை அமைப்புகளில் குறிக்காவிட்டால், ஜாங்கோ விளிப்பெயரைக் கொண்டு தளத்தைக் கண்டுபிடிக்கும்."

இரண்டும் இடறாமல் ஓடுகின்றன. இன்னொரு பைத்தான் சட்டகமான ஃபிளாஸ்கில் இதே வேலைக்கு இருக்கும் அமைப்பை 'விளிப்பெயர்ப் பொருத்தம்' எனலாம்.

பல ஆள்களங்களுக்குப் பதில் தரும் முழுச் செயலிக்கு 'பல்களச் செயலி' போதும் என்று நினைக்கிறேன். ஆள்களம் நமக்குப் பழகிய சொல், அதிலிருந்து சுருக்கியது. 'பல்தள' வேண்டவே வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் மென்பொருளுக்கு அதை ஏற்கெனவே எழுதிவருகிறோம், குழப்பம் வரும்.

துணை ஆள்களத்துக்குத் தனி இழை தொடங்கலாம். 'விளிப்பெயர்' யாருக்காவது உறுத்தினால், மேலே உள்ள இரண்டு வாக்கியங்களிலும் உங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள்.