அக்செசிபிலிட்டி: அறிவியல் அருங்காட்சியகக் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

ந. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தின் பார்வையாளர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ‘அக்செசிபிலிட்டி’ (மாற்றுத்திறனாளிகள் உட்பட எவரும் வந்து பயன்படுத்த முடிவது) என்று ஒரு பக்கம். சாய்தளம், சக்கர நாற்காலி, பிரெயில் குறிப்புகள், சைகைமொழி விளக்கம், காதுக்கருவியோடு இணையும் ஒலி வளையம் எல்லாம் அந்தத் தலைப்பின்கீழ் வருகின்றன. அதே சொல் அடைமொழியாகி வாயில், கழிப்பறை, காட்சிப்பொருள் ஆகியவற்றுக்கு முன்னாலும் நிற்கிறது. இப்போதைக்கு ‘அணுகல்தன்மை’, ‘அணுகத்தக்க வாயில்’ என்று போட்டிருக்கிறேன். இரண்டாவது ஒட்டவே இல்லை. வேறு சொல் உண்டா?

செ.:
கல்+தூண் கற்றூண் ஆவதுபோல அது ‘அணுகற்றன்மை’ என்றுதான் புணரும். அச்சில் போவதை ஒழுங்காக எழுதுவோம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ‘அணுகு’ இங்கே போதுமா? ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்ற குறளில் அணுகுதல் என்பது கிட்டப் போவது மட்டுமே. போனவருக்குப் பயன் கிடைத்ததா என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. வள்ளுவரிடமே இதற்குச் சொல் இருக்கிறது: எண்பதம். ‘எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்’ (548), ‘எண்பதத்தால் எய்தல் எளிதென்ப’ (991). எண்மை என்றால் எளிமை. ‘எண்பொருள வாகச் செலச்சொல்லி’ (424) என்பதிலும் அதே எண். முறையிட வருகிறவர் எவரானாலும் அரசனை எளிதில் காண முடிவதுதான் எண்பதம். ‘எண்பத வாயில்’ என்று எழுதிப் பாருங்கள்.

ம.:
ஐயா, நான் வகுப்பறையிலிருந்து பேசுகிறேன். ‘எண்பத வாயில்’ என்ற பலகையைப் பார்த்தால் என் மாணவர்கள் எண்பதாவது வாயில் எது என்று தேடுவார்கள். ‘அணுக்கம்’ என்று யாரும் எழுதும் முன் அதையும் சொல்லிவிடுகிறேன். அணுவைப் பற்றிய அரங்குக்குப் பக்கத்தில் அந்தப் பலகை இருந்தால் குழந்தை அதை அணுவோடுதான் சேர்த்துப் படிக்கும்.

வ.:
திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைபடிப்பான் வழியாகத்தான் நான் இந்த மடல்களைப் படிக்கிறேன். செ. ஐயா சொன்ன ‘அணுகற்றன்மை’ என் காதில் ‘அணுகற்ற தன்மை’ என்றே விழுந்தது. நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். புணர்ச்சி விதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கம் முக்கியமாக யாருக்காகவோ, அவர்கள் காதில் அது கவிழ்ந்துவிடுகிறது. ‘அணுகல்தன்மை’ என் கைப்பேசியிலும் வருகிற சொல். தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

செ.:
அம்மா, அந்த ஒரு காரணத்துக்காகவே புணர்ச்சியை விட்டுக்கொடுக்கிறேன். எண்பதம் கடினம் என்றால், ‘காட்சிக்கு எளியன் கடுஞ்சொல்லன் அல்லனேல்’ (386) இருக்கிறதே. காட்சிக்கெளிமை! அருங்காட்சியகத்துக்கென்றே அமைந்த சொல்.

கு.:
காட்சிக்கு எளிதாக இருந்தால் மட்டும் போதாது, ஐயா. நான் சக்கர நாற்காலியில் போகிறவன். கையால் சுழற்றி மின்விளக்கை எரியவைக்கும் ஒரு மேசை முன்னால் நின்றிருக்கிறேன். முன்பக்கம் தரைவரை பலகை அடைத்திருந்தது. முழங்கால் உள்ளே போகாது, நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பினாலும் கைப்பிடி எட்டாது. விளக்கை நன்றாகப் பார்த்தேன், மற்றவர்கள் எரியவைத்தார்கள். அறிவியல் அருங்காட்சியகத்தில் செய்து பார்ப்பதுதான் பாதி. அதனால் ‘தடையில்லா’ என்பதே என் தேர்வு. தடை மேசையில் இருக்கிறது, என் உடம்பில் இல்லை என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

வ.:
‘தடையில்லா’ வாயிலுக்குப் பொருந்தும். எழுத்துரை இல்லாத படத்தின் முன் காது கேளாதவர் உட்கார்ந்திருந்தால் அங்கே தடை என்று எதைக் காட்டுவோம்? ஒன்று சேர்க்கப்படாமல் இருக்கிறது. தடையை நீக்குவது ஒரு வேலை, இல்லாததைச் சேர்ப்பது இன்னொரு வேலை.

கு.:
சேர்க்காமல் விட்டதும் தடைதான். இதில் நான் மாறப்போவதில்லை.

ம.:
பலகையில் பண்புப்பெயர் எதற்கு? உள்ளதை உள்ளபடி எழுதலாமே. ‘படியில்லா வாயில்’, ‘தொட்டறியும் மாதிரி’, ‘சக்கர நாற்காலிக்கான கழிப்பறை’. சாய்தளத்துக்கு ‘ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம்’ என்று போட்டால், தானே ஏறலாமா, துணை வேண்டுமா என்று வருகிறவர் முடிவு செய்துகொள்வார்.

ந.:
எல்லோருக்கும் நன்றி. பக்கத் தலைப்பு ‘அணுகல்தன்மை’. ஐந்து பேரில் மூவர் பக்கம், அவ்வளவுதான். பலகைகளுக்கு ம. சொன்ன வழி. கு. விருப்பப்படி முன்னுரையில் ‘தடை’ வருகிறது. அப்புறம் இன்னொன்று மீதி இருக்கிறது. கூட்டத்தைக் குறைத்து, ஒலியையும் ஒளியையும் தணித்து, புலன் கூச்சம் உள்ளவர்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்குகிறார்கள். ‘அமைதி நேரம்’ என்று போட்டேன். ஒளி அதில் வரவில்லை.

செ.:
‘தண்பதம்’ என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் 548இல் அது தாழ்ந்த நிலையைக் குறிக்கிறது, ஆகாது. ‘தணிவு நேரம்’ பாருங்கள். தலைப்பைப் பொறுத்தவரை என் வாக்கு காட்சிக்கெளிமைக்கே. மாற்றுக்கருத்தாகப் பதிந்துகொள்ளவும்.