சந்திரயான்-3 மிஷன ஆர்பிட்டர்ல சேக்குறேன், ராக்கெட் எங்கயோ போய் நிக்குது

மொட்டமாடி_திருவொத்தியூர்:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்பிட்டர் 2016னு கம்ப்யூட்டர்ல ராக்கெட் ஓட்டுற கேம் போட்டு ஆறு மாசமா ஆடிகினு இருக்கேன், கூடவே வர்ற ஷட்டில், டெல்டாகிளைடர் எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சு, இப்போ நம்ம ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து கிளம்புற மிஷன் ஒன்னு ஒன்னா நானே சேக்கணும்னு உக்காந்துருக்கேன். முதல்ல சந்திரயான்-3. அது ஏன்னு சொல்லிட்றேன், 2023 ஜூலை 14 வெள்ளிக்கிழமை மத்தியானம் 2:35க்கு அது போச்சுல்ல, அன்னைக்கு எங்கம்மா மொட்ட மாடில வடாம் காய வச்சுகினு இருந்தாங்க, அனல்மின் நிலையத்து புகைபோக்கிக்கு இடது பக்கமா கிளம்பி மேல போயி வலது பக்கம் கடல் மேல சாஞ்சுதுடான்னு இன்னிக்கும் கைய நீட்டி காட்டுவாங்க. நான் அந்த நேரம் காலேஜ் லேப்ல மாட்டிகினேன். வீட்டுக்கு வந்து பாத்தா புகை கூட கலைஞ்சு போச்சு. அதனால எங்க மாடிலேர்ந்து பாத்தா எப்படி இருந்துச்சோ அப்படியே கேம்ல கொண்டாரணும், அதான் ஆசை.

சந்திரயான தூக்கிகினு போன எல்விஎம்3 ராக்கெட்டோட மாடல் ஒரு ஆட்-ஆன்ல (கேமோட தனியா சேத்துக்குறது) கிடைச்சுது. எங்கேர்ந்து எப்போ கிளம்பணும்னு சொல்ற சினாரியோ ஃபைல நோட்பேட்ல தொறந்து நானே எழுதுனேன். மூணு இடத்துல மாட்டிகினேன்.

ராக்கெட் நிக்கிற இடம் ஸ்ரீஹரிகோட்டா மாதிரியே இல்ல, பழவேற்காடு ஏரியும் காணோம் கரையும் காணோம், சுத்தி வெள்ளையும் நீலமுமா கீது. சரி கிராபிக்ஸ் தகராறுன்னு நெனச்சு அப்படியே நேரா கிழக்கால 90 டிகிரில வுட்டேன், பூமத்திய ரேகைக்கு ஆர்பிட்டோட சாய்வு 80 டிகிரி காட்டுது. சந்திரயான் ஆர்பிட்டு 21 கிட்ட தான இருந்துச்சு? அப்புறம் தரையிலயே எல்லா எஞ்சினும் ஒன்னா பத்திக்குது, நடுவுல இருக்குற எல்110 ஸ்டேஜ் 200 செகண்டுலயே தீந்து போய்டுது, மேல போக தெம்பு பத்தல, திரும்ப கீழ வந்துடுது.

என்னோட வரி இது தான்: போஸ் (நிக்கிற எடம்) 13.72 80.23. எம்ஜேடி (கிளம்புற நேரம்) 60139.6076. எங்க தப்பு பண்ணேன்னு யாராச்சும் சொல்லுங்கண்ணா, நாலு ராத்திரியா தூங்கல.


பெரம்பூர்_சுற்றுப்பாதை:

தம்பி, உன் ராக்கெட்டு ஆர்க்டிக்ல நிக்குது. ஆர்பிட்டர்ல போஸ் வரில தீர்க்கரேகை தான் மொதல்ல, அட்சரேகை ரெண்டாவது. மேப்புலயும் போன்லயும் அட்சரேகைய முன்னாடி போட்டு பழகிட்டதால எல்லாருக்கும் இந்த இடத்துல கை தவறும், எனக்கும் தவறியிருக்கு. நீ எழுதுன மாதிரி படிச்சா கிழக்கு 13.72, வடக்கு 80.23, அது நார்வேக்கு சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கால கடல். போஸ் 80.23 13.72னு மாத்து, ஏரி கரை எல்லாம் தானா வந்துடும்.

சாய்வு 80 வந்ததுக்கும் அதே தான் காரணம். நேரா கிழக்கால வுட்டா ஆர்பிட்டு சாய்வு கிளம்புற இடத்தோட அட்சரேகை அளவு தான் வரும், 80ல நின்னா 80, ஸ்ரீஹரிகோட்டால நின்னா 13.7, அதுக்கு கீழ நேரடியா எறக்கவே முடியாது. சந்திரயானுக்கு 21 வேணும்னா 90 இல்ல, தென்கிழக்கா கொஞ்சம் திருப்பி 107 கிட்ட வுடு. கணக்கு போட்டு பாக்கணும்னா அட்சரேகையோட கொசைன இன்ட்டு திசையோட சைன், வர்றது சாய்வோட கொசைன். 107க்கு போட்டுப் பாரு, இருவத்தொன்னரைய தாண்டி வரும், ஒரு டிகிரி ரெண்டு டிகிரி திருப்பிகினா 21க்கு வந்துடும்.

இப்போ எஞ்சின் விஷயம், இது தான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம், கொஞ்சம் நீட்டி சொல்றேன். எல்விஎம்3 தரைய வுட்டு எழும்பும்போது நடுவுல இருக்குற எல்110 எரியாது தம்பி. ரெண்டு பக்கமும் இருக்குற எஸ்200 திட எரிபொருள் பூஸ்டர் மட்டும் தான் எரியும். மொத்த எடை 640 டன், அத தூக்க கிட்டத்தட்ட 6,280 கிலோநியூட்டன் வேணும், எஸ்200 ஒன்னு ஒன்னும் உச்சத்துல 5,000க்கு மேல குடுக்கும், ரெண்டும் சேந்தா தாராளமா தூக்கிடும். எல்110ல இருக்குற ரெண்டு விகாஸ் எஞ்சினும் சேந்து சுமார் 1,600 தான், அத கீழயே பத்த வச்சா காத்து அடர்த்தியா இருக்குற எடத்துலயே நல்ல எரிபொருள் வீணாப் போகும். அதனால சந்திரயான்-3ல 108வது செகண்டு வாக்குல தான் எல்110 பத்துச்சு, 127ல எஸ்200 கழண்டுது, அந்த இருவது செகண்டு கிட்ட மூணும் ஒன்னா எரியும். 305 செகண்டு வாக்குல எல்110 நின்னு, ரெண்டு மூணு செகண்டுல அதுக்கு மேல இருக்குற சி25 கிரையோ ஸ்டேஜ் பத்தி, அது பத்து நிமிஷத்துக்கு மேல நிதானமா எரிஞ்சு கெளம்புன பதினாறாவது நிமிஷம் சந்திரயான் கப்பல ஆர்பிட்டுல கழட்டி வுட்டுது. உன் ஃபைல்ல எல்110க்கு பத்துற நேரம் சுழியமா இருக்கும், அத 108 ஆக்கு. 108லேர்ந்து 305, கழிச்சா 197. உனக்கு 200ல தீர்றது சரியான கணக்கு தான், ஆரம்பிச்ச நேரம் தான் தப்பு.


மொட்டமாடி_திருவொத்தியூர்:

அண்ணா ரொம்ப நன்றிண்ணா. போஸ் மாத்துன ஒடனே ஏரி, தீவு, கரை எல்லாம் வந்துச்சு, அப்படியே சேர்ல எழுந்து நின்னுட்டேன். எல்110ம் 108ல பத்துது. கிட்டக்க 170, தூரத்துல 36,500 கிலோமீட்டர்ங்கிற ஆர்பிட்டு கிட்டத்தட்ட வந்துடுச்சு.

ஆனா இப்போ இன்னொன்னு. ஒரே இருட்டு. ஏவுதளத்து பேடுல ராக்கெட் நிக்குது, சுத்தி ராத்திரி. அம்மா பாத்தது பட்டப் பகல்ல. முன்னாடி அந்த பனி எடத்துல வெளிச்சமா தான இருந்துச்சு, அது எப்படி?


கொளத்தூர்_நிலா:

ஜூலைல ஆர்க்டிக்ல சூரியன் மறையறதே இல்லப்பா, எந்த நேரம் போட்டாலும் வெளிச்சம் தான், அதனால தான் இந்த தப்பு உனக்கு மொதல்ல கண்ணுல படல. உன் எம்ஜேடி தான் காரணம். எம்ஜேடிங்கிறது 1858 நவம்பர் 17 நள்ளிரவுலேர்ந்து எண்ணிகிட்டு வர்ற நாள் கணக்கு, 60139 சரி, அது 2023 ஜூலை 14 தான். புள்ளிக்கு அப்புறம் வர்றது அந்த நாள்ல எவ்ளோ பங்கு போயிருக்குன்னு. நீ 2:35ன்னு நம்ம நேரத்த அப்படியே பங்கு போட்டு .6076 எழுதியிருக்க. கேம் உலக நேரம் தான் பாக்கும். அஞ்சரை மணி நேரம் கழிச்சா காலைல 9:05, அதுக்கு .3785. 60139.3785 போடு. இப்போ நீ ஓட்டுறது நம்ம ஊரு கணக்குல ராத்திரி எட்டு மணி மிஷன்.

இத வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லலப்பா. அஞ்சரை மணி நேரத்துல பூமி 82 டிகிரிக்கு மேல சுத்திடும், அப்போ நீ கெளப்புற ஆர்பிட்டோட தளமும் வானத்துல அவ்ளோ திரும்பிப் போய்டும். நிலா அதுக்குள்ள ஒரு 3 டிகிரி தான் நகந்திருக்கும். ஆர்பிட்டு நம்பர் எல்லாம் பக்காவா இருக்கும், ஆனா நிலாவ நோக்கி தள்ளும்போது நிலா நீ எதிர்பாத்த பக்கமே இருக்காது. நான் மொதல் தடவ இதே மாதிரி அரை நாள் தள்ளி போட்டு, நிலா இல்லாத பக்கமா கப்பல அனுப்பிட்டு, எரிபொருளும் தீந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுகிட்டு உக்காந்துருந்தேன்.

இன்னொரு வழியும் சொல்றேன். முழு மிஷனயும் ஒரே சினாரியோவா வச்சுக்காத. ஜூலை 14 கெளம்புது, அப்புறம் பூமிய சுத்தி சுத்தி ஆர்பிட்ட ஒசத்தறாங்க, ஆகஸ்ட் 1 நிலாவுக்கு தள்ளுறாங்க, ஆகஸ்ட் 5 நிலா ஆர்பிட்டுக்குள்ள போவுது, 23 சாயந்தரம் 6:04க்கு எறங்குது. ஒவ்வொரு படி முடிஞ்சதும் கன்ட்ரோல் எஸ் அடிச்சு சேவ் பண்ணி, குவிக்சேவ் ஃபோல்டர்லேர்ந்து எடுத்து பேரு மாத்தி வை. எறங்குறத மட்டும் பழகணும்னா கடைசி ஃபைல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம். எறங்குற எடத்துக்கும் போஸ் அதே வரிசை தான், 32.32 மொதல்ல, மைனஸ் 69.37 அடுத்தது, மைனஸ வுட்டுட்டா நிலாவோட வடக்குல எறங்குவ.


காசிமேடு_வலை:

படிச்சிகினே வந்தேன், நானும் ஒன்னு சொல்லணும். எங்க பாட்டி வூடு பழவேற்காடு. லாஞ்சு இருக்குற நாள்ல அந்த பக்கம் யாரும் கடலுக்கு போகக் கூடாதுன்னு முன்னாடியே அறிவிப்பு வந்துடும், போட்டெல்லாம் கரையில வரிசையா நிக்கும். சின்ன வயசுல நாங்க மணல்ல உக்காந்து பாப்போம். ராக்கெட்டு மேல ஏறி போய்டும், நாங்க கத்தி முடிச்சுடுவோம், அதுக்கு அப்புறம் தான் சத்தம் வரும், ஒன்றரை நிமிஷத்துக்கு மேல கழிச்சு. பாட்டி வூட்டு ஜன்னல் கதவு தடதடன்னு அடிச்சுகினு, மாடத்துல வச்ச டம்ளர் நகரும். பாட்டி ஒடனே போய் அத புடிச்சுக்குவாங்க.

இது எதுக்கு சொல்றேன்னா, நீங்க மிஷன் சேக்கும்போது கழண்டு விழுற எஸ்200வோட காலிக் கூட்ட அப்படியே மறைய வுட்டுடாதீங்க. ஆட்-ஆன்லயே அது தனி வெசலா (கேம்ல தனியா நகர்ற பொருளா) விழும், அத கேமரால தொடர்ந்து போய் பாருங்க, எங்க கடல தொடுதுன்னு. எங்கப்பாவுக்கு அது தான் முக்கியம், அவருக்கு அந்த தண்ணி தெரியும். நான் போட்டு காட்டுனப்போ அது விழுற எடத்த பாத்துட்டு, நாங்க போற எல்லைய தாண்டி ரொம்ப தூரம் இருக்கேன்னு சொல்லி, அப்போ பேடு பக்கத்துல மட்டும் ஏன் தடை போடறாங்கன்னு கேட்டாரு. மேல ஏறும்போது ஏதாச்சும் ஆச்சுன்னா பக்கத்துலயே விழும்லப்பான்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிகினு திரும்ப ஒரு வாட்டி ஓட்ட சொன்னாரு.


பெரம்பூர்_சுற்றுப்பாதை:

அவர் கேட்டது நியாயமான கேள்வி. விழுற எடம் முக்கியம்னா அடுத்ததா பிஎஸ்எல்வி மிஷன் சேத்துப் பாருங்க, அங்க தான் அதோட அருமை தெரியும். துருவ ஆர்பிட்டுக்கு நேரா தெக்கால போனா போதும், ஆனா ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து நேரா தெக்கால போனா நம்ம கரையும் இலங்கையும் வழியில வரும். அதனால பிஎஸ்எல்வி மொதல்ல தென்கிழக்கா கடல் மேல போயி, அப்புறம் தெக்கால வளைஞ்சு திரும்பும். அந்த வளைவுக்கு செலவாகுற வேகம் அவ்ளோவும் சாட்டிலைட்டு எடையிலேர்ந்து கழியும். கேம்ல ஒரு தடவ வளைச்சும் ஒரு தடவ நேராவும் வுட்டுப் பாருங்க, நாலாவது ஸ்டேஜ்ல மிச்சம் இருக்குற எரிபொருள் எவ்ளோன்னு பாத்தாலே புரிஞ்சுடும். தூத்துக்குடி பக்கம் குலசேகரப்பட்டினத்துல புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல அடிக்கல் நாட்டுனதும் இதுக்கு தான், அங்கேர்ந்து சின்ன எஸ்எஸ்எல்வி ராக்கெட்டு நேரா தெக்கால போய்டலாம்.

பிஎஸ்எல்வி எக்ஸ்எல் போடும்போது பக்கத்துல இருக்குற ஆறு ஸ்ட்ராப்-ஆன்ல நாலு தான் தரையில பத்தும், மீதி ரெண்டு 25வது செகண்டுல மேல போயி பத்தும். அதுக்கும் நேரம் தனியா குடுக்கணும், மறந்துடாதீங்க.

மொட்டமாடி தம்பி, உன் மாடி பார்வைக்கு கேமரா டயலாக்ல கிரவுண்டுன்னு ஒன்னு இருக்கும், உங்க தெருவோட தீர்க்கரேகை அட்சரேகை குடுத்து ஒசரம் 12 மீட்டர் வை. டார்கெட் லாக் எடுத்துடு, இல்லன்னா கேமரா ராக்கெட் பின்னாடியே தலைய திருப்பிகினு போவும், மாடில நிக்கிற மாதிரி இருக்காது. பேடு உங்க வூட்லேர்ந்து 60 கிலோமீட்டருக்கு மேல, பூமி வளைவால ராக்கெட் 200 மீட்டராவது ஏறுனா தான் தெரியும், ஒடனே வரலன்னு பயந்துடாத.


மொட்டமாடி_திருவொத்தியூர்:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயந்தரம் 60139.3785 போட்டு, திசை 107, கேமரா எங்க தெரு. லாக் எடுத்துட்டு வடக்கால திருப்பி வச்சேன். அம்மாவ கூப்ட்டேன், கை ஈரத்தோட வந்து நின்னாங்க. மொதல்ல ஒன்னும் இல்ல, அடிவானம் மட்டும், அம்மா இன்னாடா காட்டுறன்னு கேக்குறாங்க, அப்போ சரியா அடிலேர்ந்து வெளிச்சப் புள்ளி ஒன்னு ஏறுச்சு. ஒன்னுமே பேசல அவங்க. வலது பக்கம் சாய ஆரம்பிச்சதும் கைய ஸ்கிரீன் மேல வச்சு, இதே தான்டா, இந்தப் பக்கம் தான் போச்சுன்னாங்க. ஈரக் கைன்னு மானிட்டர்ல தடம் விழுந்துருச்சு, இன்னும் தொடைக்கல.

புகைபோக்கி மட்டும் இல்லன்னு அம்மா சொன்னாங்க. அத ஒரு மெஷ்ஷா (3டி மாடலா) செஞ்சு அந்த எடத்துல நிக்க வைக்கணும். எங்க வூட்லேர்ந்து பாத்தா நேர் வடக்குலேர்ந்து கொஞ்சம் கெழக்கால தான் இருக்கும், இதுக்கு ஏவுதளத்துக் கட்டடமெல்லாம் இருக்குற பேஸ் ஃபைல்ல எழுதணுமா இல்ல தனி வெசலா வைக்கணுமாண்ணா? காசிமேடு ப்ரோ, நீங்க எஸ்200 விழுறத பாத்த கேமரா செட்டிங்க கொஞ்சம் போடுங்க, அதயும் சேத்துட்றேன்.