டெல்லி பேஸ் எஃப்ஓ, சென்னை பேஸ்னு வேற கம்பெனி ஆஃபர் வந்திருக்கு. சீனியாரிட்டிய விட்டுட்டு போலாமா?

தாம்பரம்_எஃப்ஓ
எல்லாருக்கும் வணக்கம். ஏர்பஸ் ஏ320ல எஃப்ஓ (ஃபர்ஸ்ட் ஆபிசர், அதாவது கோ-பைலட்), பேஸ் (ட்யூட்டி ஆரம்பிக்கற ஊர்) டெல்லி. ஏடிபிஎல் (கேப்டன் ஆக வேண்டிய லைசென்ஸ்) கைக்கு வந்தாச்சு, கமாண்ட் லிஸ்ட்ல (கேப்டன் ஆகறதுக்கான வரிசை) என் நம்பர் வர இன்னும் ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகும்ங்கறாங்க (போன வருஷமும் இதையே தான் சொன்னாங்க). சென்னைக்கு பேஸ் மாத்தக் கேட்டு எழுதிக் குடுத்து ரொம்ப நாளாச்சு, அங்க ஏற்கனவே எஃப்ஓ அதிகம்னு பதில் வருது. வைஃப் சோழிங்கநல்லூர்ல ஐடி, பையன் எல்கேஜி, அப்பாவுக்கு இப்ப தான் ஸ்டென்ட் வச்சிருக்கு. நான் துவாரகால ரெண்டு பசங்களோட ஃப்ளாட் ஷேர் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

இப்ப இன்னொரு கம்பெனி கூப்பிடுது. போயிங் 737, சென்னை பேஸ்னு எச்ஆர் போன்ல சொன்னாங்க, சம்பளம் கிட்டத்தட்ட இதே தான். ரெண்டு கம்பெனி பேரும் வேணாம். பாண்ட் (இத்தன வருஷம் இங்கயே இருக்கணும்ங்கற ஒப்பந்தம்) முடிய கொஞ்ச மாசம் தான் பாக்கி. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? "மனசு சொல்றத கேளு" டைப் பதில் வேணாம் ப்ளீஸ், வீட்ல அது நெறைய கிடைக்குது.

கேப்டன்_மீனம்பாக்கம்
தம்பி, மொதல்ல ஆஃபர் லெட்டர்ல பேஸ் பத்தி என்ன எழுதிருக்குன்னு வாசி. எச்ஆர் போன்ல சென்னைம்பாங்க, லெட்டர்ல "கம்பெனி தேவைப்படி எந்த பேஸுக்கும் மாத்தலாம்"னு ஒரு வரி இருக்கும். நான் கையெழுத்துப் போட்ட எல்லா காண்ட்ராக்ட்லயும் இருந்துச்சு. நவி மும்பை 2025 டிசம்பர்ல தொறந்த மாதிரி புதுசா ஒரு ஏர்போர்ட் தொறந்தா அங்க ஆள் வேணும்ல, யார அனுப்புவாங்க? கடைசியா சேந்தவனத்தான்.

சீனியாரிட்டி ரேஷன் கடை கியூ மாதிரி, ஒரு தடவ வெளிய வந்தா திரும்ப கடைசில தான் நிக்கணும். அமெரிக்கால இது இன்னும் கறார், சேந்த தேதி தான் எல்லாமே, டெல்டால கேப்டனா இருந்தவர் யுனைடெட் போனா கடைசி எஃப்ஓ. நம்மூர்ல டைப் ரேட்டட் (அந்த விமான மாடல ஓட்ட தகுதி வாங்கின) கேப்டன நேரா கேப்டனாவே எடுத்துக்குவாங்க, ஆனா அந்த சலுகை நாலு பட்டை போட்டவனுக்கு தான், உனக்கு இல்ல. அதுவும் நீ 320லருந்து 737க்கு போற. கிரவுண்ட் கிளாஸ், சிம் (சிமுலேட்டர்), சர்க்யூட் (ஏறி இறங்கிப் பழகறது), லைன் ட்ரெய்னிங் (பயணிகளோட பறந்து பழகறது)னு எல்லாம் முடிச்சு ரிலீஸ் ஆகறதுக்குள்ள மாசக்கணக்குல ஆகும், நடுவுல சிம் ஸ்லாட் கிடைக்கலன்னா வீட்ல உக்காந்திருப்ப, பறக்குற அலவன்ஸ் வராது. நீ 320ல பறந்த மணி நேரம் மொத்தத்துல சேரும், ஆனா கமாண்டுக்கு "இந்த டைப்ல எவ்ளோ"ன்னு கேப்பாங்க பாரு, அது சைபர்லருந்து ஆரம்பிக்கணும்.

அதனால கமாண்ட வாங்கிட்டு கிளம்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அதான் சொல்லுவேன். ஆனா அதுல ஒரு கொக்கி இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. டிஜிசிஏ (விமானத் துறைய கண்காணிக்கற அரசு அமைப்பு) 2017ல போட்ட ரூல்படி எஃப்ஓவுக்கு ஆறு மாசம் நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருஷம். கமாண்டோட சேத்து புதுசா ஒரு பாண்டும் நீட்டுவாங்க. ஆக இப்ப ஆறு மாசத்துல வெளிய வர்ற நீ, அப்ப வரணும்னா ரெண்டு மூணு வருஷக் கணக்கு போட்டுக்கோ. அப்பாவுக்கு என்ன வயசுன்னு நீ சொல்லல, அத வச்சு தான் இத முடிவு பண்ணணும்.

நோட்டீஸ் சர்வ் பண்ணாம ஓடிடலாம்னு எவனாவது ஐடியா குடுத்தா காதுல வாங்காத. 2023ல ஆகாசா ஏர் கம்பெனிலருந்து 43 பைலட் அப்படி கிளம்பி, விஷயம் பாம்பே ஹைகோர்ட், டெல்லி ஹைகோர்ட்னு போச்சு. பேப்பர்ல பேர் வந்தா அடுத்த இன்டர்வியூல அதான் மொதல் கேள்வி.

மடிப்பாக்கம்_மீனா
நான் பைலட் இல்லீங்க, ஒரு கேப்டனோட வீட்டுக்காரி. அவரும் முன்னாடி டெல்லி பேஸ் தான், அதான் எழுதுறேன்.

டெல்லிலருந்து வந்து போறதுல டிக்கெட் பிரச்சனைன்னு எல்லாரும் நினைப்பாங்க. டிக்கெட்டும் பிரச்சனை தான், வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஸ்டாஃப் டிக்கெட்ல சென்னை ஃபிளைட்ல ஏறவே முடியாது, கேட்டு மூடுற வரைக்கும் நிப்பாரு, ஜம்ப் சீட்டாவது (காக்பிட்ல கூடுதலா இருக்கற சீட்டு) கிடைக்குமான்னு பாத்தா அதுக்கு இன்னொருத்தர் முன்னாடியே சொல்லி வச்சிருப்பாரு. ஆனா நிஜமா உயிர வாங்குனது ஸ்டான்ட்பை. ஃபிளைட்டே இருக்காது, ஆனா கூப்பிட்டா போறதுக்கு டெல்லில தான் உக்காந்திருக்கணும். ஒரு வேலையும் இல்லாம அங்க ரூம்ல டிவி பாத்துக்கிட்டு இருப்பாரு, இங்க நான் பொண்ண தூக்கிக்கிட்டு டாக்டர்ட்ட ஓடுவேன். சென்னை பேஸ் ஆனதும் அந்த ஸ்டான்ட்பை நாளெல்லாம் வீட்டு நாளாயிடுச்சு. ரோஸ்டர் (ட்யூட்டி அட்டவணை) வந்தா நீங்க ஆஃப் டேய மட்டும் எண்ணாதீங்க, இதையும் சேத்து எண்ணுங்க.

2025 ஜூலைலருந்து வாராந்திர ரெஸ்ட் 36 மணி நேரத்துலருந்து 48 ஆச்சு இல்ல, அதுல ரெண்டு ராத்திரியும் வரணும், அதனால டெல்லிலருந்து வர்றவங்களுக்கு இப்ப கொஞ்சம் பரவால்லன்னு சொல்றாங்க. எங்களுக்கு அது லேட்டா வந்துச்சு.

அதுக்காக சென்னை பேஸ்னா சொர்க்கம்னு நினைக்காதீங்க. ராத்திரி ரெண்டே முக்காலுக்கு கேப் வந்து நிக்கும், ஹாரன் அடிக்காதீங்கன்னு டிரைவருங்க எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஆனா தெரு நாய்ட்ட யார் சொல்றது. பகல் பூரா ஸ்க்ரீன இழுத்து விட்டுட்டு தூங்குவாரு, குக்கர் விசில் கூட வைக்க முடியாது. இன்னொண்ணு, உங்க வைஃப் குர்கானுக்கு ட்ரான்ஸ்ஃபர் கேக்க முடியுமான்னு பாத்தீங்களா? நிறைய ஐடி கம்பெனிக்கு அங்க ஆபிஸ் இருக்கே. மாறணும்னா நீங்க தான் மாறணும்னு ரெண்டு பேருமே முடிவு பண்ணிட்டீங்களா?

பழைய_737
கேப்டன் சார் சொன்ன கியூ கரெக்ட் தான், ஆனா கடை தொறந்திருந்தா தானே கியூ. 2012ல கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல்ல ஜெட், 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட். என் பேட்ச்ல ஒருத்தன் லிஸ்ட்ல ரொம்ப மேல இருந்தான், கம்பெனி படுத்ததும் அடுத்த இடத்துல அவனுக்கு ஜூனியரா இருந்தவனுக்கு கீழ போய் சேந்தான். வித்தியாசம் என்னன்னா அந்த ஜூனியர் ஆறு மாசம் முன்னாடியே மோப்பம் பிடிச்சு தாவிட்டான், அவ்ளோதான்.

மூடாட்டியும் மெர்ஜர் வரும். 2024 அக்டோபர்ல ஏஐஎக்ஸ் கனெக்ட் (பழைய ஏர்ஏசியா இந்தியா) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோட சேந்துச்சு, நவம்பர் 12 விஸ்தாரா ஏர் இந்தியாவோட. ரெண்டு லிஸ்ட்ட ஒண்ணாக்கும்போது யாரு மேல யாரு கீழங்கறது நம்ம கைல இல்ல. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல ஏர் இந்தியா பைலட் ரிட்டயர்மெண்ட் வயச 58லருந்து 65க்கு ஏத்துச்சு. மேல இருக்கறவங்களுக்கு நல்லது தான், தப்பு சொல்லல, ஆனா முன்னாடி எத்தன பேர் ரிட்டயர் ஆவாங்கன்னு எண்ணிக்கிட்டு இருந்த எஃப்ஓவ நினைச்சுப் பாருங்க. "ஒன்றரை ரெண்டு வருஷம்"ங்கறது அந்த மாதிரி கணக்கு தான் தம்பி, யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க.

நான் பாக்கறது நம்பர இல்ல, விமானம் வருதான்னு. ஆர்டர பாத்து மயங்காத. இண்டிகோ 2023ல ஒரே அடியா 500 ஆர்டர் போட்டுச்சு, ஏர் இந்தியா 470. ஆர்டர் வேற, ராம்ப்ல (ஏர்போர்ட்ல விமானம் நிறுத்துற இடம்) வந்து நிக்கறது வேற. ப்ராட் அண்ட் விட்னி என்ஜின் தகராறுல எத்தனயோ ஏ320 நியோ விமானம் சும்மா நின்னுச்சு, 2024 ஜனவரில அலாஸ்கா ஏர்லைன்ஸ் 737 மேக்ஸ்ல கதவு அடைப்பு பிச்சுக்கிட்டு போனதுக்கப்புறம் போயிங் டெலிவரி இழுத்துக்கிட்டே போச்சு. உனக்கு வந்திருக்கறது 737 வேற. அந்த கம்பெனில ட்ரெய்னிங் முடிச்சுட்டு விமானம் இல்லாம எத்தன பேர் உக்காந்திருக்காங்கன்னு உள்ள இருக்கற எஃப்ஓ ஒருத்தன்ட்ட கேளு. எச்ஆர்ட்ட கேக்காத.

துபாய்_தமிழன்
இங்க வந்துடுங்க ப்ரோ, எமிரேட்ஸோ கத்தாரோ பேஸ் பாலிடிக்ஸே கிடையாது, இருக்கறது ஒரே பேஸ் 😀 சென்னைக்கு நாலு மணி நேரம், நீங்க டெல்லிலருந்து வர்றத விட ஒரு மணி தான் கூட. ஃபேமிலியயும் கூட்டிட்டு வந்துடலாம். ஆனா அப்பா அம்மாவ கூட வச்சுக்கறது வேற கதை, விசா, இன்சூரன்ஸ்னு கை கடிக்கும், ஹார்ட் பேஷன்ட்னா இன்னும் கடிக்கும். உங்க கேஸ்ல இது ஒத்து வராதுன்னு தான் தோணுது, சும்மா சொன்னேன்.

தாம்பரம்_எஃப்ஓ
எல்லாருக்கும் தேங்க்ஸ். லெட்டர எடுத்துப் பாத்தேன், கேப்டன் சார் சொன்ன வரி அப்படியே இருக்கு, "சென்னை"ங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. பேஸ லெட்டர்ல போட்டுக் குடுங்கன்னு எச்ஆர்ட்ட கேட்டேன், "எங்க பாலிசில அது கிடையாது, ஆனா கவலப்படாதீங்க"ன்னாங்க. கவல வந்ததே அதுக்கப்புறம் தான்.

அப்பாவுக்கு 67. மீனா அக்கா கேட்டத வைஃப்ட்ட படிச்சுக் காட்டினேன், "இத நீ ஏன் இவ்ளோ நாள் கேக்கல"ன்னு ஒரு பார்வை பாத்தா. குர்கான்ல அவங்க கம்பெனிக்கு ஆபிஸ் இருக்கு, ஆனா அப்பா டெல்லி குளிருக்கும் புகைக்கும் வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம், ஸ்டென்ட் வச்சவர அந்த காத்துக்கு கூட்டிட்டு போறதுக்கு எனக்கும் பயமா தான் இருக்கு. அந்த கம்பெனில எனக்கு தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், லைன்ல எத்தன பேர் சும்மா உக்காந்திருக்காங்கன்னு கேட்டு சொல்றேன்னான். அதுவரைக்கும் கையெழுத்துப் போடல. இங்கயே சென்னை ட்ரான்ஸ்ஃபர் இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.

கேப்டன்_மீனம்பாக்கம்
கேளு, ஆனா வாயால கேக்காத, மெயில்ல கேளு. சென்னை ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல நீ எத்தனாவது, அந்த லிஸ்ட் கம்பெனி சீனியாரிட்டிப்படியா இல்ல அப்ளை பண்ண தேதிப்படியா, ரெண்டையும் கேளு. அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரிய கூட வச்சு அனுப்பு, கருணை அடிப்படைல டெம்ப்ரரி பேஸிங்னு ரெண்டு மூணு மாசத்துக்கு குடுக்கறது உண்டு. பேஸ் மேனேஜருக்கு ஒரு காப்பி போடு, க்ரூ பிளானிங்குக்கு மட்டும் போட்டா அது அப்படியே கெடக்கும். சென்னைல எஃப்ஓ அதிகம்ங்கறாங்கல்ல, அவங்கள்ல எத்தன பேர் இந்த வருஷம் அப்கிரேட் (கேப்டன் ஆகற) ட்ரெய்னிங் போறாங்கன்னும் பாரு, ஒவ்வொருத்தன் போனாலும் அங்க ஒரு எஃப்ஓ சீட்டு காலியாகும்.